மூதூர் லாஞ்சுக்காக நிறுத்திய ஆட்டம்

என் வயதுக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். வயது போகப் போக அப்பாமாரின் கதைகள் குறைந்துகொண்டே வரும். கடைசியில் நாலைந்துதான் மிஞ்சும். அந்த நாலைந்திலும் அவர்கள்தான் நல்லவர்கள். என் அப்பாவிடம் மிஞ்சிய கதைகளில் ஒன்றில் நானும் இருக்கிறேன். பதின்மூன்று வயதுப் பெட்டையாக, வாய் திறக்காமல், ஒரு சதுரங்க மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் தேத்தண்ணி கொண்டுவரும் நேரம் பார்த்து அந்தக் கதை தொடங்கும். மகள் தோற்றுப்போன ஆட்டத்தை அவர் எவ்வளவு கௌரவமாக முடித்துவைத்தார் என்பதுதான் கதை. கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போவேன்.

அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அந்த ஆட்டத்தில் நான் தோற்கவில்லை.

அப்பா திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக இருந்தார். உள்துறைமுக வீதியில் எங்களுக்கு அரசாங்கக் குவாட்டர்ஸ் வீடு. யன்னலைத் திறந்தால் தார் மணமும் உப்புக் காற்றும் வரும். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் போன சாமான்களில் ஒரு சதுரங்கப் பெட்டியும் இருந்ததாம். அதை அப்பா எடுத்து வைத்திருந்தார். காய்களின் அடியில் பச்சைக் கம்பளித்துணி ஒட்டியிருக்கும். பெட்டியைத் திறந்தால் பழைய வார்னிஷ் மணக்கும். கறுப்புக் கோட்டை ஒன்று தொலைந்துபோனதால் அதற்குப் பதில் அம்மாவின் தையல் மெஷினில் தீர்ந்துபோன நூல்கட்டை ஒன்று நின்றது. அந்தப் பெட்டி இப்போது இல்லை. பிறகு யுத்தத்துக்குப் பயந்து ஓடிய ஓட்டங்களில் எதிலோ போய்விட்டது. சாமான்கள் போனதைப் பற்றி நம் ஊரில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை.

ஐந்து வயதில் எனக்குக் காய்களைப் பழக்கினார். தொடக்க ஆட்டம் ஒன்றில் அவர் என் ராணியை வெட்டியபோது நான் கத்தி அழுது, ராணியைப் பறித்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேனாம். எனக்கு அது ஞாபகமில்லை. ஆனால் வார்னிஷின் கசப்பு ஞாபகமிருக்கிறது. வீட்டில் அது பெரிய பகிடி. "உவள் உயிரைக் குடுத்தாலும் ராணியைக் குடுக்கமாட்டாள்" என்பார் அப்பா. பத்து வயதில் நான் அவரை முதல்முறை வென்றேன். அது பகிடியாகவில்லை. "இண்டைக்கு எனக்குத் தலையிடி" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு அடிக்கடி தலையிடி வந்தது.

எனக்குப் பதின்மூன்று வயதான வருடம் தென்மேற்குக் கச்சான் காற்று மோசமாக வீசியது. பள்ளிக்கூட விடுமுறை. புழுதி கண்ணுக்குள், சோற்றுக்குள், புத்தகத்துக்குள் எல்லாம். இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருந்த தொழிலாளர் மண்டபத்தில் மாவட்டச் சதுரங்கப் போட்டி நடந்தது. காற்றுக்குக் காய்கள் விழுந்துவிடும் என்று யன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே கயிறும் பீடியும் ஆம்பிளைகளின் வியர்வையும் சேர்ந்து மணத்தது. ஆடியவர்கள் இருபது பேருக்குக் கிட்ட. அதில் பெண் நான் ஒருத்திதான். கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் முட்டும், ஆனால் சரியாக ஊன்றாது.

வெல்கிறவர் கொழும்புக்கு, அகில இலங்கைப் போட்டிக்குப் போகலாம். கொழும்பில் பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்று போட்டியை நடத்திய பெரியவர் எனக்குச் சொல்லியிருந்தார். அது எனக்குப் பெரிய செய்தி. ஏனென்றால் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த முறையோடை சரி. அடுத்த வருசம் உவள் பெரியபிள்ளையாகிடுவாள். ஆம்பிளையளுக்கு நடுவிலை போய்க் குந்திக்கொண்டிருக்க ஏலாது."

அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். அதாவது, அம்மா சொன்னது சரி. ஆகவே எனக்கு இருந்தது ஒரேயொரு வழி. கொழும்புக்குப் போகவேண்டும். அங்கே மற்றப் பெட்டைகள் ஆடுவதை அம்மா தன் கண்ணால் பார்க்கவேண்டும். வென்றால் ஆட்டம் எனக்கு உண்டு, தோற்றால் வாழ்நாளுக்கும் இல்லை. பதின்மூன்று வயதில் நான் போட்ட கணக்கு அது. பிழையான கணக்கு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

போட்டியை நடத்தியவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வெள்ளை லோங்ஸ், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. எங்கள் போட்டிக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. மூதூரிலிருந்து ஆட வருகிறவர்கள் காலையில் மோட்டர் லாஞ்சில் குடாவைக் கடந்து வந்து, பின்னேரம் கடைசி லாஞ்சில் திரும்பவேண்டும். அதை விட்டால் அடுத்த நாள்தான். அதனால் இறங்குதுறையில் லாஞ்சின் சங்கு ஊதினால் மூதூர்க்காரர்களின் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நிற்கும். யாருடைய முறையோ அவர் தன் அடுத்த நகர்வை மேசையில் வைக்காமல் ஒரு துண்டில் எழுதி உறையில் போட்டுக் கொடுக்கவேண்டும். எதிராளிக்கு அது தெரியாது. அடுத்த நாள் உறையை உடைத்து, அந்த நகர்வோடு ஆட்டம் தொடரும். மற்ற ஊர்களிலும் பெரிய போட்டிகளில் அப்படிச் செய்வார்கள்தான். ஆனால் அரக்கு உருக்கி, பித்தளை முத்திரை குத்தி வைப்பது எங்கள் தபாலதிபர் மட்டும்தான். அந்த முத்திரையில் என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை.

கடைசி ஆட்டம் எனக்கும் மூதூர் மாஸ்டருக்கும். முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். நாற்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, மெதுவான கதை. தோல் பை ஒன்றில் ஆணிக் காய்களைக் குத்தி வைக்கும் சின்னப் பலகை கொண்டு திரிவார். லாஞ்சிலும் ஆடுவாராம், தனக்குத் தானே. என்னை "மகள்" என்றுதான் கூப்பிடுவார். ஆட்டம் தொடங்கமுன் "பயப்பிடாதீங்க மகள்" என்றார். நான் பயப்படவில்லை. அவர் சொன்னபிறகுதான் பயப்படவேண்டுமோ என்று யோசித்தேன்.

பின்னேரம் ஆகும்போது நான் ஒரு கோட்டையை இழந்திருந்தேன். பாதி தெரிந்து கொடுத்தது, பாதி கவனக்குறைவு. இதில் எனக்கு வெட்கமில்லை. அப்போது மாஸ்டர் தன் குதிரையை என் ராணி வெட்டக்கூடிய இடத்தில் கொண்டுவந்து வைத்தார். காவல் இல்லை. சும்மா கிடைக்கும் குதிரை. சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். கை முந்திவிடும் என்ற பயம். அது தூண்டில். என் ராசா மூன்று காலாட்களுக்குப் பின்னால் அடைபட்டு இருந்தது. ராணி குதிரையை வெட்டப் போனால், அவருடைய கோட்டை நேரே இறங்கி என் கடைசி வரிசைக்கு வரும். ராணி குறுக்கே விழுந்தாலும் அதையும் வெட்டி மேட். இது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. பிறகு எதிர்ப்பக்கம் பார்த்தேன். அவருடைய ராசாவும் மூலையில்தான். முன்னால் இரண்டு காலாட்கள். என் குதிரை ஒரு துள்ளலில் செக் வைக்கலாம். ராசா பக்கத்துக் கட்டத்துக்கு நகரும். குதிரை மறுபடி துள்ளினால் குதிரையும் ராணியும் சேர்ந்து இரட்டைச் செக். ராசா மூலைக்குத் திரும்ப ஓடும். அப்போது என் ராணியை அந்த ராசாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைப்பேன். ராசா எடுக்க ஏலாது, குதிரை காவல் நிற்கிறது. கோட்டைதான் எடுக்கவேண்டும். எடுத்தால் ராசாவைச் சுற்றி மூன்று பக்கமும் சொந்தக் காய்கள், அசைய இடமில்லை. குதிரை கடைசியாக ஒருமுறை துள்ளும். மேட்.

நான்கு நகர்வுகள். அவற்றை ஆறு தரம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காதெல்லாம் சுட்டது. அந்த நேரம் சங்கு ஊதியது.

தபாலதிபர் மணிக்கூட்டை நிறுத்தினார். என் முறை. ஒரு துண்டும் பேனையும் தந்தார். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். எழுதும்போது கை வியர்த்து மை கொஞ்சம் ஊறிவிட்டது. அந்தக் காலத்து முறைப்படி: குதிரை, ராசா பக்கத்து மந்திரி வரிசை ஏழு, செக். மடித்து உறையில் போட்டேன். மெழுகுதிரியில் அரக்கைக் காட்டி, சிவப்பாக ஒரு சொட்டு விட்டு, முத்திரையைக் குத்தினார்.

"பிள்ளை, இனி இது தபால்" என்றார். "உள்ளுக்கை என்ன இருக்குதெண்டு அப்பாவுக்கும் சொல்லேலாது, அம்மாவுக்கும் சொல்லேலாது. சொன்னால் ஆட்டம் பழுது. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன்.

மாஸ்டர் லாஞ்சுக்கு ஓடினார். நான் அப்பாவின் சைக்கிள் பாரில் குந்தி வீட்டுக்குப் போனேன். வழியில் அப்பா கேட்டார்.

"என்ன எழுதினனீ?"

"சொல்லக்கூடாது எண்டவர்."

"என்னட்டைச் சொன்னால் என்ன?"

"ஆட்டம் பழுதாம்."

அப்பா வேகமாக மிதித்தார். அந்தத் தவணை கணக்குப் பரீட்சைத் தாள் ஒன்றை நான் மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்துப் பிடிபட்டிருந்தேன். அன்றைக்கும் கேட்க, இப்படித்தான் வாயை இறுக்கிக்கொண்டு இருந்தேனாம். வீட்டுப் படலையடியில் இறக்கிவிடும்போது என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிழை விட்ட பிள்ளை மறைக்கிறது. அப்படித்தான் அவர் வாசித்தார். நான் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் முகம் ஒன்றுதான் போலிருக்கிறது.

விளக்கு வைக்கும் நேரம் சுங்கக் கந்தோர் மாமா வந்தார். அப்பாவின் சிநேகிதர், அவரும் ஆடுவார், ஆனால் போட்டிக்கு வருவதில்லை. விறாந்தையில் பலகையை வைத்து, ஆட்டம் நின்ற நிலையை அப்படியே அடுக்கினார்கள். நான் குசினியில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். பிறகு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"குதிரையை வெட்டினால் சரி முடிஞ்சுது" என்றார் அப்பா. "கோட்டை கீழை வரும். மேட்."

"வெட்டாட்டில்?"

"வெட்டாட்டிலும் ஒரு கோட்டை குறைவுதானே. மெல்ல மெல்லச் சாகவேண்டியதுதான்."

காற்று கூரைத் தகரத்தை ஆட்டியது. பிறகு மாமா சொன்னார், "ஐசே, பொறும். இந்தக் குதிரையாலை ஒரு செக் இருக்குது."

"இருக்குது. பிறகு?"

"பிறகு இரட்டைச் செக். அங்கை போவான். பிறகு ராணியைக் கொண்டுபோய்..." காய் பலகையில் மோதும் சத்தம். "ராணியைக் குடுத்தால்? கோட்டையாலை எடுத்தே ஆகவேணும். எடுக்க, குதிரை... எட! மேட் ஐசே! மேட் இருக்குது!"

அப்பா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பிய சத்தம் கேட்டது. இருவரும் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். அப்பா "சோக்கான மேட்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கண்டுபிடித்துவிட்டார்கள், இனி என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப, பிள்ளை அதை எழுதியிருந்தால்?" என்றார் மாமா.

அப்பா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கவலையான, அன்பான சிரிப்பு. அதனால்தான் அது இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

"அவளோ? ராணியைக் குடுக்கவோ? அவளைத் தெரியாதே உமக்கு. வாய்க்குள்ளை போட்டவள்! அவள் குதிரையை வெட்டியிருப்பாள். முகத்தைப் பாத்தனான். பிழை விட்டது அவளுக்கும் விளங்கீட்டுது, அதுதான் சொல்லமாட்டனெண்டு நிக்கிறாள்."

பலகையில் எல்லாம் இருந்தது. வழி முழுக்க இருந்தது, கடைசிக் குதிரைத் துள்ளல் வரைக்கும். அவர்கள் அதைப் பார்த்தார்கள், மெச்சினார்கள். பிறகு பலகையை விட்டுவிட்டு என்னை ஆராய்ந்தார்கள். என்னை ஆராய்ந்ததில்தான் பிழை விட்டார்கள்.

அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆட்டம் பழுது என்று தபாலதிபர் சொல்லியிருந்தார். நான் அதை நம்பினேன். அதோடு எனக்கு உள்ளே ஒரு கள்ளச் சந்தோஷமும் இருந்தது. நாளைக்கு உறையை உடைக்கும்போது அப்பாவின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை. நிம்மதியாகப் போய்ப் படுத்தேன். எனக்கு வேண்டியது வேறென்ன. உறை இருந்தது, அரக்கு இருந்தது.

காலையில் எழும்பியபோது அப்பாவின் சைக்கிள் இல்லை. நேரத்தோடு போய்விட்டார் என்றார் அம்மா. நான் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை இறுக்கப் பின்னிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தேன். வாசலிலேயே சுங்கக் கந்தோர் மாமா என் தலையில் கை வைத்து "பரவாயில்லை பிள்ளை" என்றார். எனக்கு விளங்கவில்லை. உள்ளே சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் என் பெயருக்கு நேரே பூச்சியம் எழுதியிருந்தது.

அப்பா ஆட்டத்தைக் கொடுத்துவிட்டார். என் சார்பில், நான் வரமுதல், தோல்வியை ஒப்புக்கொள்வதாக ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்து.

அவருடைய கந்தோர்ப் பெரியவர் அன்றைக்குப் பரிசு கொடுக்க வந்திருந்தார். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். தோற்ற ஆட்டத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பதுதான் பெரிய ஆட்டக்காரரின் பண்பு, அதைப் பிள்ளைக்கும் பழக்குகிறீர்கள் என்று ஏதோ சொன்னார். அப்பா குனிந்து நின்றார். அத்தனை பேருக்கு முன்னால் நான் ஒன்றிரண்டு நகர்விலே மேட் வாங்கி அழுவதை அவர் தாங்கமாட்டார். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். அதில் பாசம் இருந்தது. தன் மானமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு இந்த வயதிலும் ஏலாமல் இருக்கிறது.

அந்த நேரம் மூதூர் லாஞ்ச் வந்தது. மாஸ்டர் கிட்டத்தட்ட ஓடிவந்தார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. கையில் அந்தச் சின்னப் பலகை, காய்கள் குத்தியபடி. கரும்பலகையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இதென்ன? நான் ஆட்டத்தைக் குடுக்க எல்லோ வந்த!"

கந்தோர்ப் பெரியவர் அப்பாவின் கையை விட்டார்.

"குதிரைச் செக் எழுதியிருந்தா என்ட ஆட்டம் முடிஞ்சுது. லாஞ்சில வச்சே கண்டுட்டன். தப்ப வழியில்ல." பலகையைத் தபாலதிபருக்குக் காட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார். "மகள், நீங்க எதை எழுதின?"

நான் வாயைத் திறக்கமுன் அப்பா சொன்னார், "மாஸ்டர், உங்கடை பெருந்தன்மை. ஆனால் பிள்ளை குதிரையை வெட்டினவள். எனக்குத் தெரியும். நான் குடுத்த ஆட்டம் குடுத்ததுதான்."

"உறையை உடைச்சுப் பாப்பமே" என்றார் மாஸ்டர்.

தபாலதிபர் உறையை மேசையில் வைத்தார். சிவப்பு அரக்கு வெடிக்காமல் இருந்தது. அவர் முப்பது வருடம் மற்றவர்களின் கடிதங்களை உடைக்காமல் வைத்திருந்தவர். ஆட்டம் கொடுபட்டால் உறை உடைபடாமல் அழியவேண்டும் என்பது அவருடைய சட்டம். இருந்தாலும் அன்றைக்கு ஒரு வழி விட்டார்.

"இது பிள்ளையின்ரை தபால்" என்றார். "எழுதின ஆள் கேட்டால் உடைப்பன். வேறை ஆர் கேட்டாலும் மாட்டன். பிள்ளை, அப்பா சொன்னதுதானே இதுக்குள்ளை இருக்குது? இல்லையெண்டால் சொல்லு."

அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது கனத்தது. கந்தோர்ப் பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவ்வளவு நாளும் அந்த மனிதருக்கு முன்னால் கதிரையில் இருந்ததே இல்லை. இன்றைக்கு அவர் அப்பாவுக்குக் கை கொடுத்திருக்கிறார். நான் "இல்லை" என்றால், தன் மகளைப் பற்றி ஒன்றும் தெரியாமல், வென்ற ஆட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர் என்று ஊரே சிரிக்கும். அந்தக் கையின் கனம் என் எலும்புக்குள் வந்துவிட்டது.

"ஓம்" என்றேன்.

மாஸ்டர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "உண்மையாவா மகள்?" என்று ஒருதரம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்க" என்று இன்னொரு தரம் கேட்டார். மறுபடியும் ஆட்டினேன். மூன்றாம் தரம் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கணக்கு மாஸ்டர் அல்லவா, முகத்தையும் படிக்கத் தெரியும். ஆனால் அவருக்கும் கொழும்புக்குப் போக ஆசை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நல்ல மனிதர். அவரை நான் வெறுக்க முயன்றேன், முழுதாக முடியவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

தபாலதிபர் மெழுகுதிரியைக் கொளுத்தி உறையின் ஒரு மூலையைக் காட்டினார். கடதாசி சுருண்டு கறுத்தது. அரக்கு உருகி மேசையில் சொட்டியது. காய்ந்தபிறகு யாரோ அதை நகத்தால் சுரண்டி எடுத்தார்கள்.

மாஸ்டர் கொழும்புக்குப் போய், தொடக்கத்திலேயே தோற்று வந்தார் என்று கேள்வி. பிறகு இறங்குதுறையில் எங்காவது கண்டால் "என்ன மகள், படிக்கிறீங்களா?" என்று கேட்பார். சதுரங்கத்தைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நான் அடுத்த மார்கழியில் பெரியபிள்ளையானேன். அம்மாவுக்கு வாதாடவேண்டிய வேலையே வரவில்லை, ஏனென்றால் நான் அதற்கு முன்பே காய்களைத் தொடாமல் விட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பலகையை வைத்துக் கூப்பிடுவார். எனக்குத் தலையிடி என்பேன். அவர் அந்தச் சொல்லைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "பெட்டையளுக்கு ஒரு வயதுக்குப் பிறகு இதிலை புத்தி ஓடாது" என்று சுங்கக் கந்தோர் மாமாவிடம் சொன்னார். மாமா ஓமோம் என்றார்.

எனக்கு மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் வேலை கிடைத்தது. கலியாணம், பிள்ளைகள், இடம்பெயர்வு, திரும்பி வருதல். உங்களுக்கு நடந்ததெல்லாம் எனக்கும் நடந்தது. மூதூருக்கு இப்போது பாலங்களைத் தாண்டிப் பஸ்ஸில் போகலாம். ஏதாவது கூட்டத்தில் எனக்கு உரியதை வேறொருவர் "இவவுக்கு இது சரிவராது" என்று எடுத்து வைக்கும்போது நான் ஓம் என்று தலையை ஆட்டியிருக்கிறேன். பல தரம். ஒவ்வொரு தரமும் யாரோ ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். எனக்கு இப்போது அந்தப் பெட்டையின் மேலும் கோபம் வருகிறது.

அப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறார். கண் மங்கல், காது நல்லம், ஞாபகம் என்னுடையதைவிட நல்லம். சென்ற வருடக் கச்சான் காற்றுக் காலத்தில் அவருக்குக் காலில் புண் கட்ட ஒரு தாதிப் பிள்ளை வந்துபோனாள். அவளுக்கும் அந்தக் கதை தொடங்கியது. தோற்ற ஆட்டம், கௌரவம், கந்தோர்ப் பெரியவர் கை கொடுத்தது. நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். என்ன வந்ததோ தெரியவில்லை, தட்டை மேசையில் வைத்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அப்பா, நான் குதிரையை வெட்டேல்லை. அந்த உறைக்குள்ளை குதிரைச் செக்தான் எழுதினனான்."

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"அந்த மேட்டை விறாந்தையிலை கண்டுபிடிச்சது நாங்கள்" என்றார், பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல். "நீ கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டனீ. எனக்குத் தெரியும், உன்ரை காலைக் கண்டனான். கேட்டது நாளடைவிலை நீ கண்டது மாதிரி ஆகிப்போச்சு. வயது போனால் அப்பிடித்தான் பிள்ளை, எனக்கும் வாறது."

"இல்லை அப்பா. அதுக்கு முதலே எழுதீட்டன்."

"எழுதினதை ஆர் பாத்தது?"

ஒருவரும் பார்க்கவில்லை. தபாலதிபர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமாவும் இல்லை. மாஸ்டர் எங்கே என்று தெரியாது. துண்டு சாம்பல். தாதிப் பிள்ளை பஞ்சை மருந்தில் நனைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்டைக்கு அத்தனை பேருக்கு முன்னாலை உன்னட்டைக் கேட்டவை" என்றார் அப்பா. "ஒருக்கால் இல்லை, மூண்டு தரம். நான் வாயே திறக்கேல்லை. இல்லையெண்டால் சொல்லு எண்டு சொல்லித்தான் கேட்டவை. நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டனான்."

"பிறகென்ன?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார். மறுமொழி ஒன்று வருமென்று முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார். தாதிப் பிள்ளையின் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அதைச் சூடாக்கிக்கொண்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனேன்.